டிக்கியில் அதிரும் பேஸ் – வூஃபருக்கு எந்தப் பெட்டி?



கார் ஆடியோ கடைக்குப் போய் "பேஸ் நல்லா வரணும்" என்று சொல்லிப் பாருங்கள். பத்து இன்ச்சா பன்னிரண்டு இன்ச்சா, எத்தனை வாட்ஸ், எந்தக் கம்பெனி என்று வூஃபரைப் பற்றியே அரைமணி நேரம் பேச்சு நடக்கும். பெட்டியைப் பற்றிய பேச்சு அரை நிமிடம்தான். "கார்பெட் ஒட்டின ரெடிமேட் பாக்ஸ் இருக்கு சார், போட்டுக் குடுத்துடறோம்." அவ்வளவுதான்! ஆனால் காதில் விழப்போகும் சத்தத்தில் சரிபாதி அந்தப் பெட்டியின் கையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வூஃபர், தவறான பெட்டிக்குள் போனால் தகர டப்பாவைத் தட்டியது போலத்தான் பாடும்.

நம்மில் சிலர் படிக்கும்போதே விடுமுறையில் கார் ஆடியோ ஃபிட்டிங் வேலைக்குப் போகிறோம். டிப்ளமோ முடித்ததும் இதையே தொழிலாக எடுப்பவர்களும் உண்டு. ஒரு டிரைவர் அண்ணன் சீட்டுப் பணம் எடுத்து வண்டிக்கு ஆடியோ போடுகிறார் என்றால் அந்தக் காசு வீணாகாமல் பார்க்கும் பொறுப்பு நம்முடையது. அதற்கு வேண்டிய கணக்கு இரண்டாம் வருடப் பாடத்தைத் தாண்டாது. வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

பெட்டி எதற்கு?

வூஃபரின் கோன் முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்று விரிகிறது. முன்னலையும் பின்னலையும் 180 டிகிரி எதிர்ஃபேஸ். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம், 340-ஐ 50-ஆல் வகுத்தால், 6.8 மீட்டர். பத்து இன்ச் வூஃபரின் ஓரத்தைச் சுற்றி வர அந்த அலைக்கு ஒரு நொடிகூட வேண்டாம். பின்னலை முன்னே வந்து முன்னலையைத் தின்றுவிடும். வூஃபரைப் பெட்டியில்லாமல் மேசைமேல் வைத்துப் பாட்டுப் போட்டால் கோன் ஆடுவது கண்ணுக்குத் தெரியும், பேஸ் மட்டும் காதில் விழாது. காரணம் இதுதான்.

ஆகவே பெட்டியின் முதல் வேலை பின்னலையை அடைத்து வைப்பது. இரண்டாவது வேலைதான் முக்கியமானது. அடைபட்ட காற்று ஒரு ஸ்ப்ரிங். கோனுக்கு ஏற்கெனவே ஒரு ஸ்ப்ரிங் உண்டு, ஓரத்து ரப்பரும் உள்ளே இருக்கும் ஸ்பைடரும் சேர்ந்தது. பெட்டி சிறிதாகச் சிறிதாகக் காற்று ஸ்ப்ரிங் இறுகும். ஸ்ப்ரிங் இறுகினால் ரெசோனன்ஸ் மேலே ஏறும். மெக்கானிக்கல் பிரிவு நண்பர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், நிறையும் ஸ்ப்ரிங்கும் டேம்பரும் சேர்ந்த அதே பழைய படம்தான்.

டேம்பிங் எவ்வளவு என்பதைச் சொல்லும் எண்தான் க்யூ. டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஷாக் அப்சார்பர் செத்துப்போன பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த ஸ்டாப் வரை குதித்துக்கொண்டே போகும். க்யூ அதிகம் என்றால் அதுதான். டிரம்மில் ஒரு அடி விழுந்தால் "டும்" என்று நிற்காமல் "டூம்ம்ம்" என்று இழுக்கும். க்யூ 0.7 பக்கம் இருந்தால் அடி விழுந்த இடத்தில் நிற்கும். 1-க்கு மேலே போகப்போக எல்லாப் பாட்டும் ஒரே சுரத்தில் முழங்கும். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டுப் போட்டு நடக்கும் இடங்களை இப்படிப்பட்ட பெட்டியில் கேட்டால் எந்த நோட் எது என்றே பிரிக்க முடியாது.

மூன்று எண்கள்

இதையெல்லாம் எண்களாக்கிக் கொடுத்தவர்கள் இருவர். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரை, பத்து வருடம் கழித்து 1971-ல் அமெரிக்க ஆடியோ சங்கத்தின் இதழில் மறுபடி வந்தபோதுதான் உலகின் கண்ணில் பட்டது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரித்தெழுதினார். அதனால் இவற்றுக்குத் தீல்–ஸ்மால் பாராமீட்டர்கள் என்று பெயர். நமக்கு வேண்டியவை மூன்று. எஃப்.எஸ். என்பது பெட்டியில்லாத வூஃபரின் ரெசோனன்ஸ் ஃப்ரீக்வென்சி. க்யூ.டி.எஸ். என்பது பெட்டியில்லாத வூஃபரின் மொத்த க்யூ. வி.ஏ.எஸ். என்பது வூஃபரின் சொந்த ஸ்ப்ரிங்குக்குச் சமமான ஸ்ப்ரிங்காக நிற்கும் காற்றின் கனஅளவு, லிட்டரில்.

நல்ல கம்பெனி வூஃபர் என்றால் பெட்டியோடு வரும் தாளில் மூன்றும் இருக்கும். மலிவு வூஃபரில் "1000 வாட்ஸ்" என்று தங்க எழுத்தில் இருக்கும், இந்த மூன்றும் இருக்காது. பரவாயில்லை, நம் லேபிலேயே அளந்துவிடலாம்.

ஆடியோ ஆசிலேட்டரின் அவுட்புட்டில் 1 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்றை சீரீஸாகப் போடுங்கள். முதலில் வூஃபர் இருக்கும் இடத்தில் 10 ஓம்ஸ் ரெசிஸ்டரை மாட்டி, அதன் குறுக்கே ஏ.சி. மில்லிவோல்ட் மீட்டர் 10 மில்லிவோல்ட் காட்டும்படி லெவலை வையுங்கள். இனி 1 மில்லிவோல்ட் என்றால் 1 ஓம். (சாதாரண கை மல்டிமீட்டரின் ஏ.சி. ரேஞ்ச் இதற்கு உதவாது, முள்ளே அசையாது.) இப்போது வூஃபரை மாட்டுங்கள். மேசையில் கவிழ்த்து வைக்காமல், சுவரை விட்டுத் தள்ளி, நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். புது வூஃபர் என்றால் சில மணி நேரம் பாட விட்டு, ஸ்பைடரின் விறைப்பு தளர்ந்தபிறகு அளப்பது நல்லது.

ஃப்ரீக்வென்சியை மெல்ல ஏற்றினால் ஓரிடத்தில் மீட்டர் உச்சிக்குப் போய் இறங்கும். அந்த இடம்தான் எஃப்.எஸ். நம் உதாரண வூஃபருக்கு அது 30 ஹெர்ட்ஸ், உச்சி 28.8 ஓம்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வாய்ஸ் காயிலின் டி.சி. ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரால் பார்த்தால் 3.2 ஓம்ஸ். (மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸைக் கழிக்க மறந்துவிடாதீர்கள், 3 ஓம்ஸில் 0.3 என்பது பெரிய விஷயம்.) 28.8-ஐ 3.2-ஆல் வகுத்தால் 9. இதன் வர்க்கமூலம் 3. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 9.6 ஓம்ஸ். உச்சிக்கு இருபுறமும் மீட்டர் 9.6 காட்டும் இரண்டு ஃப்ரீக்வென்சிகளைக் குறியுங்கள். நம் வூஃபரில் அவை 20, 45. இரண்டையும் பெருக்கினால் 900 வருகிறது. அது 30-இன் வர்க்கம், ஆகவே அளவு சரி. பெருக்குத்தொகை வெகுவாக விலகினால் திரும்ப அளக்க வேண்டியதுதான்.

இப்போது மெக்கானிக்கல் க்யூ = 30 × 3 ÷ (45 – 20) = 3.6. எலக்ட்ரிக்கல் க்யூ = 3.6 ÷ (9 – 1) = 0.45. மொத்த க்யூ.டி.எஸ். = 3.6 ÷ 9 = 0.4.

வி.ஏ.எஸ். காண ஒரு சோதனைப் பெட்டி வேண்டும். உள்கனஅளவு தெரிந்த, காற்றுப் புகாத 20 லிட்டர் பிளைவுட் பெட்டியில் வூஃபரைப் பொருத்தி மறுபடி ரெசோனன்ஸைத் தேடுங்கள். 56 ஹெர்ட்ஸுக்கு ஏறியிருக்கிறது என்றால், 56-ஐ 30-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தி 1-ஐக் கழித்தால் ஏறத்தாழ 2.5. அதை 20 லிட்டரால் பெருக்கினால் 50 லிட்டர். இந்த எளிய சூத்திரம் துல்லியமானதல்ல, ஆனால் நம் வேலைக்குப் போதும்.

ஒரு மாலையில் மூன்று எண்ணும் கையில். பிராஜெக்ட் தலைப்பு தேடும் நண்பர்கள் கவனிக்கவும்!

மூடிய பெட்டி

சீல்டு பாக்ஸ் எனப்படும் இதுதான் எல்லாவற்றிலும் எளியது. 1950-களின் நடுவில் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், தளர்ந்த சஸ்பென்ஷன் கொண்ட வூஃபரைச் சிறிய மூடிய பெட்டியில் வைத்து, காற்றையே முக்கிய ஸ்ப்ரிங்காக்கிக் காட்டினார். அதுவரை ஆள் உயரத்துக்கு நின்ற ஸ்பீக்கர் பெட்டிகள் அதன்பிறகு புத்தக அலமாரிக்குள் புகுந்தன.

கணக்கு இவ்வளவே. வேண்டிய க்யூவை க்யூ.டி.எஸ்.-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 1-ஐக் கழியுங்கள். அந்த எண்ணால் வி.ஏ.எஸ்.-ஐ வகுத்தால் பெட்டியின் லிட்டர். நம் வூஃபருக்குச் சமமான 0.707 வேண்டும் என்றால், 0.707 ÷ 0.4 = 1.77. வர்க்கம் 3.12. ஒன்று போனால் 2.12. 50 ÷ 2.12 = 23.5 லிட்டர். பெட்டிக்குள் ரெசோனன்ஸ் 30 × 1.77 = 53 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஒரு ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் சத்தம் சரியும். டிக்கியில் இடமே இல்லை, க்யூ 1 ஆனாலும் பரவாயில்லை என்றால் 9.5 லிட்டரே போதும். ஆனால் ரெசோனன்ஸ் 75-க்கு ஏறிவிடும், சுமார் 1.2 டெசிபல் மேடு ஒன்றும் வரும்.

இப்போது ரெடிமேட் பாக்ஸுக்கு வருவோம். கடையில் "பத்து இன்ச் பாக்ஸ்" என்று எல்லாருக்கும் ஒரே பெட்டி, 20 லிட்டர் என்று வைப்போம். நம் வூஃபர் அதற்குள் போனால் க்யூ 0.75. அருமை! ஆனால் க்யூ.டி.எஸ். 0.7, வி.ஏ.எஸ். 80 லிட்டர் உள்ள இன்னொரு பத்து இன்ச் வூஃபர் அதே பெட்டிக்குள் போனால் க்யூ 1.56-க்கு எகிறும். ரெசோனன்ஸில் நாலு டெசிபலுக்கு மேல் மேடு. இரண்டு வூஃபருக்கும் ஒரே விட்டம், ஒரே ஸ்க்ரூ ஓட்டை. வாங்கியவர் வூஃபர் கம்பெனியைத் திட்டுவார். பாவம், தப்பு பெட்டியில்.

கார் செய்யும் உதவி

53 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிகிறதே, பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பியே 41 ஹெர்ட்ஸ் ஆயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டு ஹாலாக இருந்தால் அது குறைதான். காருக்குள் கதை வேறு.

மூடிய காரில், உட்புற நீளம் அலைநீளத்தில் பாதிக்குக் கீழே போய்விட்டால், ஒலி அலையாகப் பயணிப்பதை விட்டு முழுக் கேபினையும் சைக்கிள் பம்ப் போல அழுத்தி இழுக்க ஆரம்பிக்கிறது. அந்த ஃப்ரீக்வென்சிக்குக் கீழே சத்தம் தானாக ஏறும். காற்றுப் புகாத, அசையாத கேபின் என்றால் ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் ஏறும். மாருதி 800 போன்ற சிறிய காரில் உள்நீளம் 2.4 மீட்டர் என்று வைத்தால் 340 ÷ 4.8 = 71 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கார் தூக்கிவிடுகிறது, மூடிய பெட்டி இறக்கிவிடுகிறது. கதவு இடுக்கும் தகடும் கொஞ்சம் தின்றுவிட்டாலும் ஏறத்தாழ இரண்டும் சரிக்கட்டிக்கொள்ளும். 35 ஹெர்ட்ஸில் நம் பெட்டி 8 டெசிபல் இறங்கியிருக்கும், காரும் கிட்டத்தட்ட அதே அளவு ஏற்றிவிடும். சிறிய காருக்கு மூடிய பெட்டி என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இதே கணக்கைப் பெரிய டூரிஸ்ட் வேனுக்குப் போடுங்கள். உள்நீளம் 5 மீட்டர் என்றால் உதவி 34 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும். பாட்டில் அதற்குக் கீழே பெரிதாக ஒன்றுமில்லை. ஆக, வேனுக்கு ஆழமான பேஸைப் பெட்டிதான் தர வேண்டும்.

குழாய் வைத்த பெட்டி

அங்கேதான் போர்ட்டட் பாக்ஸ் வருகிறது. பெல் லேப்ஸைச் சேர்ந்த ஆல்பர்ட் தூராஸ் இதற்கு 1932-ல் பேட்டன்ட் பெற்றார். காலி கோலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் "பூ" என்று ஒரு சத்தம் வருமே, அதே தத்துவம். கழுத்தில் இருக்கும் காற்று நிறை, வயிற்றில் இருக்கும் காற்று ஸ்ப்ரிங். பெட்டியை எந்த ஃப்ரீக்வென்சிக்கு ட்யூன் செய்கிறோமோ அங்கே கோன் அநேகமாக நின்றுவிடும், குழாய்க்காற்றே பாடும். பின்னலை வீணாகாமல் முன்னலைக்குக் கைகொடுக்கிறது.

நம் வூஃபருக்கு வழக்கமான சூத்திரங்களைப் போட்டால் சுமார் 54 லிட்டர் பெட்டி, 29 ஹெர்ட்ஸ் ட்யூனிங், சத்தம் 28 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். மூடிய பெட்டியின் 53 எங்கே, இது எங்கே! ஆனால் இலவசமாக எதுவும் வராது. பெட்டி இரண்டு மடங்குக்கு மேல். அதோடு குழாய். பி.வி.சி. குழாயின் உள்விட்டம் 7 செ.மீ. என்றால் நீளம் 20 செ.மீ. ஆகும். குழாய் ஒடுங்கியிருந்தால் வால்யூம் ஏற்றும்போது "புஸ் புஸ்" என்று இரைச்சல் கேட்கும். சரி, 10 செ.மீ. குழாய் போடலாம் என்றால் நீளம் 45 செ.மீ.க்குப் போய்விடுகிறது. பெட்டிக்குள் அடங்காது, எல்போ வைத்து மடக்க வேண்டும். அந்தக் குழாய் அடைக்கும் நாலு லிட்டரையும் பெட்டியில் கூட்ட வேண்டும். குழாயின் உள்முனைக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது ஒரு விட்ட அளவு இடைவெளி விடுங்கள்.

இதில் பெரிய ஆபத்து வேறு. ட்யூனிங்குக்குக் கீழே போனால் பெட்டிக்குள் ஸ்ப்ரிங்கே இல்லாதது மாதிரி. காற்று குழாய் வழியே சும்மா போய் வரும், கோன் கட்டறுத்த காளை மாதிரி துள்ளும். வாட்ஸ் குறைவாக இருந்தாலும் வாய்ஸ் காயில் பின்தட்டில் இடித்து உயிரை விடும். ஆகவே ஆம்ப்ளிஃபயரில் சப்சானிக் ஃபில்ட்டர் இல்லையென்றால் குழாய்ப் பெட்டி பக்கமே போக வேண்டாம்.

இந்தப் பெட்டியைச் சிறிய காரில் வைத்தால் என்ன ஆகும்? 30 ஹெர்ட்ஸ் வரை சமமாக இருப்பதன் மேல் கார் தன் பங்குக்கு ஏற்றிவிட, அடிப்பகுதியில் எட்டு பத்து டெசிபல் மேடு. நம்பர் பிளேட் அதிரும், பின்கண்ணாடி அதிரும். அது பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அது உதவாது.

மூடியதா குழாயா என்று வூஃபரையே கேட்க ஒரு குறுக்குவழி உண்டு. எஃப்.எஸ்.-ஐ எலக்ட்ரிக்கல் க்யூவால் வகுங்கள். 50-ஐ ஒட்டியோ கீழேயோ வந்தால் மூடிய பெட்டி. 100-ஐத் தொட்டால் குழாய்ப் பெட்டி. நம் வூஃபருக்கு 30 ÷ 0.45 = 67. இரண்டு வீட்டுக்கும் மாப்பிள்ளை. அதனால் முடிவை வண்டி சொல்லட்டும்.

மற்ற இரண்டு

பேண்ட்பாஸ் பெட்டியில் வூஃபர் உள்ளே ஒளிந்திருக்கும், சத்தம் குழாய் வழியே மட்டும் வரும். ஒரு குறுகிய பட்டையில் அதிக சத்தம் தரும். கண்ணாடி மாதிரி அக்ரிலிக் ஜன்னலும் லைட்டும் வைத்து விற்பார்கள். கனஅளவு கொஞ்சம் பிசகினாலும் ஒரே நோட்டு மட்டும் கத்தும். காயில் இடிக்கிற சத்தத்தைக்கூட அது மறைத்துவிடுவதால் வூஃபர் சாகிற வரை தெரியாது. நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பெட்டியே இல்லாத ஃப்ரீ ஏர் முறை பின்சீட்டுக்குப் பின்னால் பலகையில் வூஃபரை மாட்டி, முழு டிக்கியையும் பெட்டியாக்குவது. க்யூ.டி.எஸ். 0.6-க்கு மேல் உள்ள வூஃபருக்கு ஏற்றது. முன்னே சொன்ன அந்த 0.7 வூஃபருக்கு இதுதான் கதி மோட்சம். டிக்கி தனியாகப் பிரிந்திருக்கும் அம்பாஸடர் மாதிரி கார்களுக்குப் பொருந்தும். (2014-ல் அம்பாஸடர் உற்பத்தி நின்றாலும், பழைய வண்டியைப் பிரியமாக வைத்திருப்பவர்கள் நம் ஊரில் இன்னும் உண்டு.) சீட்டுக்குப் பின்னால் உள்ள ஓட்டை, சந்து எல்லாவற்றையும் பலகை வைத்து அடைக்க வேண்டும். ஹேட்ச்பேக்குக்கும் வேனுக்கும் இது ஆகாது.

ஆசாரி வேலை

நம் 23.5 லிட்டரோடு வூஃபரின் மேக்னட்டும் கூடையும் அடைக்கும் ஒன்றரை லிட்டரைச் சேர்த்தால் 25. உள்ளளவு 40 × 30 × 21 செ.மீ. வைத்தால் 25.2 லிட்டர். 18 மி.மீ. பலகை போதும். எம்.டி.எஃப். கனமானது, அதிராது, அறுக்கச் சுலபம். ஆனால் மழைக்காலத்தில் டிக்கிக்குள் தண்ணீர் இறங்கும் பழைய வண்டியாக இருந்தால் அடிப்பக்கம் ஊதி உப்பிவிடும். அந்த வண்டிக்குத் தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.பி. பிளைவுட்டே நல்லது. மூட்டு எல்லாவற்றிலும் தாராளமாகப் பசை, பத்து செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ. எம்.டி.எஃப். ஓரத்தில் முதலில் சின்ன ட்ரில் போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துவிடும். டெர்மினல் ஓட்டையையும் அடையுங்கள், பலரும் விட்டுவிடும் இடம் அதுதான்.

காற்றுக் கசிகிறதா என்று பார்க்க, மெதுவான பேஸ் ஓடவிட்டு மூட்டுகளின் ஓரமாக ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை துடிக்கும் இடத்தில் ஓட்டை. அல்லது கோனை இரு கைவிரல்களால் சமமாக அழுத்தி விடுங்கள். நல்ல மூடிய பெட்டியில் அது உடனே துள்ளித் திரும்பாமல் மெல்லத் திரும்பும்.

பெட்டி கொஞ்சம் சிறிதாகிவிட்டால் உள்ளே தலையணைப் பஞ்சு நிரப்பலாம். அழுத்தும்போது காற்று சூடாகும், அந்தச் சூட்டைப் பஞ்சு வாங்கிக்கொள்வதால் ஸ்ப்ரிங் இளகும். தெர்மல் பாடத்தில் படித்த அடியபேட்டிக், ஐசோதெர்மல் வித்தியாசம்தான் இது. அந்தக் கணக்குப்படி உச்சவரம்பு 1.4 மடங்கு. நடைமுறையில் பெட்டி 15, 20 சதவீதம் பெரிதானது போல நடந்துகொள்ளும். குழாய்ப் பெட்டிக்குள் இப்படித் திணிக்கக் கூடாது, சுவரில் மெல்லிய படலமாக ஒட்டினால் போதும்.

மாட்டும்போது

மூடிய சிறிய பெட்டி அதிக வாட்ஸ் கேட்கும். டேப்புக்குப் பதில் இன்று வரும் ப்ளேயரின் முகப்பில் "50 × 4" என்று போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். 14.4 வோல்ட் சப்ளையில், பிரிட்ஜ் முறையில், 4 ஓம்ஸுக்குப் போகக்கூடிய சுத்தமான சைன் அலையின் உச்சவரம்பு, 14.4-இன் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால், 26 வாட்ஸ். நிஜத்தில் அதற்கும் கீழே. வூஃபருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் கட்டாயம். அதற்குப் பாட்டரியிலிருந்து நேராக இழுக்கும் வயரில், பாட்டரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஃப்யூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வயர் நடுவழியில் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் எரிவது வண்டி. தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் க்ரொமெட் போடுங்கள்.

வூஃபரோடு சேர்த்துப் பெட்டி பதினைந்து கிலோவைத் தாண்டும். சும்மா டிக்கியில் வைத்துவிட்டு வந்தால், வண்டி எங்காவது மோதும்போது அது பின்சீட்டை நோக்கிப் பறக்கும். எல் ஆங்கிள் வைத்து, தரைத்தகட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ட்ரில் போடுமுன் வண்டிக்கு அடியில் குனிந்து பெட்ரோல் டாங்க் எங்கே, லைன் எங்கே என்று பார்த்துவிடுங்கள். கேஸ் சிலிண்டர் பொருத்திய வண்டி என்றால், சிலிண்டர் வால்வைக் கை நீட்டி மூடும் இடத்தை மறைத்துப் பெட்டி வைக்கவே கூடாது, வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி.